கூடத்தில் ஒரு திரை

கனகராஜ் மகளின் டிபன் டப்பாவைக் கூடத்துத் தரையில் கவிழ்த்தான். புளியோதரை டப்பா வடிவத்திலேயே வந்து விழுந்தது. ஒரு வாய்கூட எடுத்திருக்கவில்லை.

"பெத்த பிள்ளைக்கு வாய்க்கு ருசியா ஆக்கிப் போட வக்கில்ல. ஸ்கூல்ல மயங்கி விழுந்திருக்கா. ஊரு என்ன பேசும்?"

ஜெயபாரதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதின்மூன்று வயது ஷண்முகப்ரியாவுக்குக் காலையில் இட்லியைக் கண்டாலே குமட்டும், மதியச் சோறு டப்பாவில் அப்படியே திரும்பி வரும். சாயங்காலம் மட்டும் சிப்ஸும் க்ரீம் பிஸ்கட்டும் கணக்கில்லாமல் உள்ளே போகும். பழியெல்லாம் இவள் கைப்பக்குவத்துக்கு. தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கிறவன் வீட்டில் இருந்த ஒரே அறையைச் சரக்கு மூட்டைகள் பிடித்துக்கொண்டன. மூவருக்கும் படுக்கை கூடத்தில்தான், டிவிக்கு எதிரே.

மறுநாள் தேனாம்பேட்டை டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி நாக்கைப் பார்த்தாள், கண்ணை இழுத்துப் பார்த்தாள், பிறகு கேட்டாள். "ராத்திரி எப்போ தூங்குவே?"

"அப்பா டிவிய அணைச்சப்புறம். ஒரு மணி ஆகும். சில நாள் ரெண்டு."

டாக்டர் கனகராஜைத் திரும்பிப் பார்த்தாள். "தூக்கம் கெட்டா பசியும் கெட்டுடும் சார். காலைல எதுவும் இறங்காது, சாயங்காலம் எண்ணெயும் இனிப்பும்தான் கேக்கும். டானிக்கெல்லாம் வேண்டாம். பொண்ணைத் தூங்க விடுங்க."

ஆட்டோவில் அவன் பல்லைக் கடித்தான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! உன் சமையலைச் சொன்னா என் டிவி மேல பழியா? நாள் பூரா கடையில நிக்கேன். எனக்குன்னு இருக்கது அந்த ரெண்டு மணி நேரந்தான்."

அன்றே கடையிலிருந்து கனத்த மெரூன் துணி ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தின் குறுக்கே தொங்கவிட்டான். "முதல் தரம். பொட்டு வெளிச்சம் வராது." நல்ல துணியைப் போட்டு மூடினால் எதுவும் சரியாகிவிடும் என்பது அவன் தொழில் புத்தி. சத்தத்தை மூடத் துணி ஏது? அன்றிரவும் திரைக்கு இந்தப் பக்கம் பெண் விழித்துக்கொண்டே கிடந்தாள். மறுநாள் டப்பா நிறைந்தே வந்தது.

ஜெயபாரதி துணி வெட்டும் கத்தரியை எடுத்தாள். ஜன்னலில் கை விட்டு கேபிள் வயரை நறுக்கினாள். கத்தரியை அடுப்படியில் அரிசி டின்னுக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

கடை அடைத்து வந்தவன் பொத்தானைத் தட்டினான். டிவி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் இரைந்தன.

"யாரு பார்த்த வேலை?"

"நான்தான். மெதுவா பேசுங்க, பிள்ள தூங்குது."

"திமிரு! காலைல மொத வேலை கேபிள்காரன்தான்." அவள் கொண்டுவந்து வைத்த சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்தான்.

காலையில் யாரும் எழுப்பாமல் ஷண்முகப்ரியா எழுந்தாள். பல் விளக்கியதும் தட்டோடு அடுப்படிக்கு வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தாள். வைத்த இட்லிகள் போன இடம் தெரியவில்லை.

"இன்னும் ரெண்டும்மா."

வெளியே சுவரில் ஏணி சாத்தும் சத்தம் கேட்டது. "எவனோ வேணும்னே வெட்டிக்கீறான் சார்" என்றான் கேபிள்காரன்.

"நல்லா இறுக்கிக் கட்டுப்பா" என்றது கனகராஜின் குரல்.

ஜெயபாரதி மகளின் தட்டில் இரண்டு இட்லி வைத்து நல்லெண்ணெய் ஊற்றினாள். பிறகு அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். கத்தரி வைத்த இடத்திலேயே இருந்தது.