பஸ்றா வியாபாரியின் தலாக்

மருதமுனைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஸலாஹுதீனை முதன்முதல் அடையாளம் கண்டது தேத்தண்ணிக் கடைக்காரன்தான். சொந்தக்காரன் என்ற முறையில் கண்டுகொண்டான் என்று நினைத்துவிட வேண்டாம். "இஞ்ச பாருங்கடா, ஜமீந்தார்ர கணக்கப்புள்ள வந்திரிக்கான்!" என்று கத்தினான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே எட்டிப் பார்த்தார்கள். கட்டின பெண்சாதியை விட்டுவிட்டு இருபது வருசம் கண்காணாத தேசத்தில் கிடந்தவன், ஒரு தகரப் பெட்டியோடு வந்து நிற்கும்போது வெட்கமாக அல்லவா இருக்க வேண்டும்? ஸலாஹுதீனுக்கு வயிறு குளிர்ந்து போனது. பெட்டியைக் கீழே வைத்தார். ஜமீந்தாரின் கணக்கப்பிள்ளையாக வேசம் போட்ட படத்தில் விதவையின் காணியை எழுதி வாங்கும்போது சிரித்த சிரிப்பை அப்படியே சிரித்துக் காட்டினார். கடையே கைதட்டியது. கூப்பிடு தூரத்தில் இருந்த பெண்சாதி வீட்டுக்குப் போய்ச் சேர அதற்குப் பிறகும் அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

மதராஸ் சினிமாவில் அவருக்குப் பேர் தீனதயாளன். கலியாணம் முடித்து மகள் நதீரா தவழத் தொடங்கிய நேரம், மட்டக்களப்புக்கு வந்த நாடகக் கம்பனியின் பின்னால் போனவர். "ஆறு மாசத்தில வந்திருவன்" என்று வாசல் படலையடியில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார். கம்பனி கலைந்தது, சினிமா வந்தது. மந்திரி, முனிவர், நாட்டு வைத்தியர், நாயகியின் கஞ்சத் தகப்பன், பொய்ச்சாட்சி சொல்லும் பூசாரி என்று எது கொடுத்தாலும் செய்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே செய்தார். கதாநாயகன் மழை மாதிரி வசனம் கொட்டும்போது பின்னால் நின்று முகத்தைக் கோணுகிறவரை யார் பார்க்கிறார்கள்? ஆனால் அந்த இடத்தில் ஒருவரும் நிற்காவிட்டால் படம் வெறிச்சோடிப் போய்விடும். அப்படி நிற்பதிலேயே ஒரு மனிசனின் தலைமயிர் நரைத்து முடிந்தது.

இடையில் இரண்டு தரம் ஊருக்கு வந்து போனார். நதீராவின் கலியாணத்துக்கு வரவில்லை. வலியாக, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பாளியாக, நின்று அவளை ஒப்புக்கொடுக்க வேண்டிய தகப்பன் அந்த நேரம் சேலத்தில் தாடி ஒட்டிக்கொண்டு மரத்தடியில் தவம் இருந்தார். கடைசியில் ஊரின் மார்க்க வழக்குகளைத் தீர்க்கும் காதியாரே வலியாக நின்று நிக்காஹ்வை நடத்தி வைத்தார். பந்தல் போட்டதும் சோறு போட்டதும் தாய்மாமன் மர்சூக். பிறகு ஒருநாள் ஸலாஹுதீனுக்கு முன்பல் விழுந்தது. மைக்குக்கு முன்னால் வாயைத் திறந்தால் வசனத்துக்கு முன்னால் காற்று வந்தது. அதற்குப் பிறகு அவரைத் தேடி ஸ்டூடியோ வண்டி வரவில்லை. அப்போதுதான் ஐயாவுக்கு ஊர் ஞாபகம் வந்தது.

இந்தக் கிழக்குக் கரையில் வீடு என்றால் அது பெண்ணுடையது. அவர் பெண்சாதியின் பேர் சித்தி லைலா. அவள் இருந்த வீடு அவளுடைய வாப்பா சீதனமாக எழுதிக் கொடுத்தது. புருசன் அதில் வந்து இருக்கிறவன், அவ்வளவுதான். ஸலாஹுதீனின் தாய் தகப்பன் எப்போதோ மௌத்தாகிவிட்டார்கள். தங்கச்சிமார் வீடுகளில் தங்கச்சிமாரின் புருசன்மார் இருந்தார்கள். அல்லாஹ்வின் உலகத்தில் அவருடைய தலைக்கு மேலே இருக்கக்கூடிய கூரை அந்த ஒன்றுதான்.

சித்தி லைலா தறியில் இருந்தாள். மகளை வளர்த்ததும் கட்டிக் கொடுத்ததும் அந்தத் தறிதான். சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினாள். "வாங்க. காலக் கழுவிட்டு வாங்க. சோறு இரிக்கி" என்றாள். அழவில்லை, ஏசவில்லை. இரவு முன் அறையில் பாயை விரித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். வயசு போன பெண், வெட்கம் இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டார் ஸலாஹுதீன். இவ்வளவு லேசாக முடியும் என்று தெரிந்திருந்தால் முந்தியே வந்திருக்கலாமே என்றுகூட நினைத்தார். மனிசனின் நினைப்பைப் பாருங்கள்.

ஒரு மாசம் போல் போனதும் கல்முனைக் கொட்டகைக்கு அவர் நடித்த ஒரு படம் வந்தது. பஸ்றா பட்டணத்துக் கதை. அதில் அவர் பெரிய வியாபாரி. ஊரார் சொன்ன கோளை நம்பி, ஒரு பாவமும் அறியாத பெண்சாதியை முற்றத்தில் நிறுத்தி மூன்று தலாக்கும் சொல்லிவிட்டு, அவள் போன பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். கதாநாயகன் இல்லாத காட்சி. முகத்துக்கு நேரே கமரா. அவ்வளவு காலத்தில் அவருக்கென்று கிடைத்தது அந்த ஒரு காட்சிதான்.

"ஒருக்கா வந்து பாரு புள்ள. மாட்டுக் கரத்தையில கூட்டிப் போறன், பொம்பிளையளுக்கு இடம் வேற இரிக்கி" என்று சித்தி லைலாவிடம் கெஞ்சினார்.

"நீங்க வீட்டிலதானே இரிக்கீங்க. படத்தில வேற என்னத்தப் பாக்க?" என்று சொல்லிவிட்டு அவள் அறுந்த நூலை முடிந்தாள்.

அவள் போகவில்லை. அவளுடைய தம்பி மர்சூக் போனான். மச்சானைக் கண்டாலே வேப்பங்காயைக் கடித்தவன் மாதிரி முகம் போகும் அவனுக்கு. படம் முடிந்து நேரே அக்காவின் வீட்டுக்குத்தான் வந்தான். "மூணு தரம் சொல்லிட்டாரு ராத்தா! என்ட ரெண்டு காதாலயும் கேட்டன். விளையாட்டுக்குச் சொன்னாலும் தலாக் தலாக்தான், கிதாபில இரிக்கி. இனி இந்த மனிசன் உங்களுக்கு அந்நிய ஆம்பிள."

ஸலாஹுதீன் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த நாள் ஊர் இரண்டாகப் பிளந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. தேத்தண்ணிக் கடைக்காரன் அவர் பக்கம். "போன படத்தில மனிசன் மௌத்தாப் போனாரே, அப்ப ஏன் ஒருத்தனும் ஜனாஸாத் தொழுகைக்கு வரல்ல?" என்று கேட்டான். சந்திக் கடைகளுக்குச் சாமான் வாங்க வந்த பெண்கள் மர்சூக்கின் பக்கம். ஸலாஹுதீன் சித்தி லைலாவின் முகத்தைப் பார்த்தார். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும்.

"காதியாருக்கிட்டக் கேட்டுத் தெளிவாக்கிக்குவம். ஹலாலா ஹறாமா எண்டு தெரியாம ஒரு கூரைக்குள்ள இரிக்கேலா" என்றாள் அவள். அன்றைக்கே அவருடைய பாயும் தலையணையும் தறிக் கொட்டிலுக்குப் போயின.

காதியார் முகைதீன்பாவா வயசாளி, இரக்கமானவர். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து விறாந்தையில் எல்லாரையும் உட்காரவைத்தார். சித்தி லைலா கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். மர்சூக் சொன்னதை எல்லாம் காதியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டார்.

"மர்சூக், கிதாப் ஓதிக் குடுக்கிற ஆலிம் தலாக் எண்டு வாசிச்சா அவர்ர பொஞ்சாதி போயிருவாவா? மத்தவன் எழுதிக் குடுத்தத்தச் சொன்னா அது மத்தவன்ட சொல்லு." ஸலாஹுதீனின் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒரேயொரு கேள்விதான். அந்த நேரம் உங்கட மனசில சித்தி லைலா இரிக்கல்லதானே? முன்னால நிண்ட நடிகைக்குத்தானே சொன்னீங்க? ஓம் எண்டு சொல்லுங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்."

பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஊட்டிவிட்டார் அந்த நல்ல மனிசன். வாயைத் திறந்து விழுங்கினால் போதும். ஸலாஹுதீனும் வாயைத் திறந்தார்.

அதற்குள் மர்சூக்குக்குப் பொறுக்கவில்லை. கைக்கு வந்தது நழுவுகிறதே என்ற எரிச்சல். "இவர்ர மனசில எங்கட ராத்தா எங்க இரிக்கப் போறா? கண்ணுக்குள்ள மருந்த ஊத்திட்டு அழுத கள்ள அழுக அது. மூக்குச்சளி கூட வரல்ல. அதப் போய் நடிப்பெண்டு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு!"

ஸலாஹுதீனுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. வீட்டைவிட்டு ஓடினவன் என்று சொல்லியிருக்கலாம். பெற்ற மகளின் கலியாணத்துக்கு வராத தகப்பன் என்று சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருப்பார், ஏனென்றால் அதெல்லாம் உண்மை. ஆனால் அந்த அழுகையைக் கள்ளம் என்று சொல்ல இவன் யார்?

"மருந்தா? யாருடா சொன்ன மருந்தெண்டு?" எழுந்தே விட்டார். "காலயில இரிந்து எடுத்தாங்க. வரல்ல. டைரக்டர் எல்லாருக்கும் முன்னால நாயே பேயே எண்டு ஏசினான். கிளிசரின் கொண்டு வந்தான் ஒருத்தன். கையத் தட்டி விட்டன். கண்ண மூடினன். நான் வெளிக்கிட்ட அண்டைக்குப் படலையடியில நதீராவத் தூக்கிக்கிட்டு நிண்டா உங்கட ராத்தா. தலையில போட்ட மொட்டாக்க வாயில கடிச்சிக்கிட்டு நிண்டா. அந்த முகத்தத்தான் நெனச்சன். அந்த முகத்தப் பாத்துத்தான் மூணு தரமும் சொன்னன்! தூணப் புடிச்சி அழுதன் பாரு, லைட்டுக்காரன் கூடக் கண்ணத் துடைச்சான். ஸ்டூடியோவே கைதட்டினது. அங்க இரிந்த காலம் முழுக்க அந்த ஒரு தரம்தான் எனக்குக் கைதட்டினாங்க. அது கள்ளமா? சொல்லுடா, கள்ளமா?"

மூச்சு வாங்கியது அவருக்கு. சீலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்குக் கேட்டிருக்கும் என்ற சந்தோசம் வேறு. இத்தனை காலமும் சொல்ல வாய் வராத ஒன்றைச் சொல்லிவிட்டோம், இனி அவள் மனசு கரையும் என்று நினைத்தார். மர்சூக்கின் முகம் மெதுவாக மலர்வதைக் கண்ட பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

"யோசிச்சிக் கதைங்க தம்பி" என்றார் காதியார். "கோவத்தில சொன்னதுதானே? நடிப்புக்காரர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க."

"கூட்டிச் சொல்லல்ல" என்றார் ஸலாஹுதீன். இந்த இடத்திலாவது அவர் பொய் சொல்லியிருக்கலாம். வாழ்நாள் முழுக்கப் பொய்ச்சாட்சி சொல்லும் வேசம் போட்டவருக்கு, தேவையான நேரத்தில் ஒரு பொய் வாயில் வரவில்லை.

காதியார் சீலைப் பக்கம் திரும்பினார். "இதில சந்தேகம் வந்திட்டு. ரெண்டு பக்கமும் பேச இடமிரிக்கி. சித்தி லைலா, நீங்க என்ன சொல்றீங்க புள்ள? நீங்க பொறுத்துக்கிட்டா நான் இத இல்லாமலாக்கப் பாப்பன்."

"அவருக்கிட்ட ஒண்டு கேக்கணும்" என்று சீலைக்குப் பின்னால் இருந்து குரல் மட்டும் வந்தது. "அந்தப் படம் எடுத்து எத்தின வரிசம்?"

"ரெண்டு வரிசமாகப் போகுது புள்ள" என்றார் ஸலாஹுதீன், ஆசையோடு.

"என்ட முகத்த நெனச்சி அழுதீங்க."

"ஓம். அல்லாஹ்வறிய ஓம்."

"அழுது முடிஞ்சி, எல்லாரும் கைதட்டி, அதுக்குப் புறகும் ரெண்டு வரிசம் அங்கதானே இரிந்தீங்க. பல்லு விழுந்தாப் புறகுதானே வந்தீங்க?"

விழுந்த பல்லின் இடத்தை அவருடைய நாக்கு தடவிக்கொண்டிருந்தது.

"நீங்க என்ன மறந்து போயிட்டீங்க எண்டு நெனச்சிக்கிட்டு இரிந்தன். மறந்த மனிசன மன்னிக்கலாம் எண்டுதான் வாங்கெண்டு சொல்லிச் சோறு போட்டன். நீங்க மறக்கல்ல. ஞாபகம் வெச்சிரிந்து, எடுத்துப் பாவிச்சிரிக்கீங்க." அவளுடைய குரல் அந்த ஒரு இடத்தில் மட்டும் உடைந்தது. பிறகு சரியானது. "காதியார், தலாக் சொன்ன நாளில இரிந்துதானே பொம்பிள காத்திரிக்க வேண்டிய மூணு மாச இத்தாக் கணக்கு?"

"ஓம் புள்ள."

"அப்ப அது எப்பவோ முடிஞ்சிட்டு."

காதியார் தலையாட்டினார். சீலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்குத் தலையாட்டல் தெரியாது என்று நினைவு வந்து, "முடிஞ்சிட்டு" என்று வாயாலும் சொன்னார்.

"நான் வாறன். தறிப் பாவு கஞ்சி போட்டபடி வெயில்ல கிடக்கு." அவள் பின்பக்கத்தால் இறங்கிப் போனாள். மர்சூக் முன்பக்கத்தால் ஓடினான். கொஞ்ச நேரத்தில் அந்தத் தகரப் பெட்டி காதியாரின் படலையடியில் வந்து இறங்கியது. பாயையும் தலையணையையும் கூட அவன் கொண்டுவந்து போட்டான், அவை ராத்தாவுடையவைதான் என்றாலும்.

பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. காதியார் எழுந்து போகாமல் அங்கேயே இருந்தார். இரவைக்கு எங்கே படுப்பீர்கள் என்று கேட்க அவருக்கு நா வரவில்லை. எதையாவது சொல்லி அந்த மனிசனைத் தேற்ற வேண்டுமே என்று இருந்தது.

"தீர்ப்புச் சொல்ற மனிசன் பாக்காமச் சொல்லப்படாதெண்டு, நானும் முந்தாநாள் போய் அந்தப் படத்தப் பாத்தன் தம்பி" என்றார் மெதுவாக. "சொன்னா வெக்கம். அந்தத் தூணடியில எனக்கும் கண் கலங்கிப் போச்சி."

ஸலாஹுதீன் நிமிர்ந்து பார்த்தார். சுருங்கிக் கிடந்த முகம் விரிந்தது, கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பாயைத் தள்ளி வைத்துவிட்டுக் காதியாரின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மெய்யாவா காதியார்? எந்த இடத்தில? தூணப் புடிக்கக்குள்ளயா, சாஞ்சாப் புறகா?"