சட்டைப்பையில் வந்த பிராசசர்

கம்ப்யூட்டருக்குள் மின்விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, மானிட்டர் மட்டும் கருப்பாகவே இருந்தது. ராதிகா நாலாவது முறையாகப் பட்டனை அமுக்கினாள். அதே கருப்பு. அப்போது காலை ஒன்பது மணி. சாயங்காலம் நாலு மணிக்குள் இந்தக் கம்ப்யூட்டர் ஓடுவதைக் கம்பெனிக்காரர்களுக்கு வீடியோவில் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் திங்கட்கிழமை கோயம்புத்தூர் ஆபீசில் போய் உட்கார வேண்டும், ஹாஸ்டலில் தங்க வேண்டும். எட்டு மாசக் குழந்தையைக் கொல்லிமலையில் விட்டுவிட்டு எப்படிப் போவாள்? போகாவிட்டால் வேலை போச்சு.

கட்டடங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலை அது. மலையிலிருந்தே செய்யலாம் என்று அவர்கள் ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். பழைய லேப்டாப் ஆகாது, நல்ல வேகமான டெஸ்க்டாப் வேண்டும் என்றார்கள். ரெடிமேடாக வாங்கக் கட்டுப்படியாகாது. பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிவிடுவது என்று இறங்கினாள். தைரியசாலிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பிராசசரைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தை மட்டும் பார்த்தாள் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டாள்.

பிராசசர்தான் கம்ப்யூட்டருக்கு மூளை. சில பிராசசரில் திரைக்குப் படம் அனுப்புகிற வசதி உள்ளேயே இருக்கும். சிலதில் இருக்காது, அதற்குத் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் சொருக வேண்டும். ராதிகா வாங்கியது இரண்டாவது ரகம். கார்டும் வாங்கவில்லை. டப்பாவின் ஓரத்தில் அந்த விவரம் எறும்பு எழுத்தில் இருந்தது. அதை இப்போதுதான் படித்தாள்.

"ஏம்புள்ள, ஒயரு ஏதாச்சும் உட்டுப்போச்சா?" என்றான் அவள் புருஷன் மணிவண்ணன். மிளகுக் கொடிக்குத் தண்ணீர் விடப் போக வேண்டியவன், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே நின்றான்.

"ஒயரு இல்லீங்க. என் புத்திதான் உட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அவர்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றால்தான் போன் தெளிவாகக் கேட்கும்.

நாமக்கல் கடைக்காரர் நல்ல மனுஷன். மாற்றிக் கொடுக்கிறேன் என்றார். "ஆனா மேடம், லேட்டஸ்ட் மாடல் ஒண்ணு வந்திருக்குங்க. படமும் வரும், வேகமும் வரும். அதையே அனுப்பட்டுங்களா?"

சரி என்று வாய்வரை வந்துவிட்டது. அப்படியே நிறுத்திக்கொண்டாள். ஒரு தடவை அவசரப்பட்டதற்கு அனுபவிப்பது போதாதா? பிராசசரைச் சொருகுகிற போர்டு ஒன்று உண்டு, அவள் வாங்கியது பழைய சரக்கு. போர்டுக்குள் பயாஸ் என்றொரு புரோகிராம் இருக்கும், எந்தெந்தப் பிராசசரை ஏற்றுக்கொள்ளலாம் என்று அதற்குத்தான் தெரியும். பயாஸ் பழசாக இருந்தால் புது மாடலைக் கண்டுகொள்ளாது, மறுபடியும் கருப்புத் திரைதான். சரி, உள்ளே இருப்பது புதுசா பழசா என்று எப்படிப் பார்ப்பது? திரையில் படம் வந்தால்தான் பார்க்கலாம். சனியன், படம் வந்தால்தானே!

"பத்து நிமிஷம் குடுங்க சார், பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

போர்டு கம்பெனியின் இணையப் பக்கத்தில் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு பிராசசருக்கும் நேராக, எத்தனையாவது பயாஸ் பதிப்பிலிருந்து அது ஓடும் என்று போட்டிருந்தான். விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். கடைக்காரர் சொன்ன மாடல் எங்கோ கடைசிப் பயாஸில் இருந்தது. முதல் பயாஸிலிருந்தே ஓடக்கூடியது, படம் அனுப்பும் வசதி உள்ளேயே உள்ளது, கம்பெனி கேட்கிற வேகத்துக்கும் குறையாதது என்று சலித்துப் பார்த்ததில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. மூன்று வருஷத்துப் பழைய மாடல். மாடல் நம்பரை எழுத்தெழுத்தாகக் கடைக்காரருக்குச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். மறுபடியும் ஒருதரம் சொல்லச் சொன்னாள். மனுஷருக்கே எரிச்சல் வந்திருக்கும்.

"பதினோரு மணி பஸ்ல சென்றாயன்கிட்ட குடுத்துடுங்க சார்."

சென்றாயன் அந்த பஸ்ஸில் கண்டக்டர். ராதிகாவின் ஊரான சோளக்காட்டில் எல்லோருக்கும் கூரியர், தபால், மெடிக்கல் ஷாப் எல்லாம் அவர்தான். மாத்திரைச் சீட்டைக் கொடுத்தால் மாத்திரை வரும், மிக்ஸி ஜாரைக் கொடுத்தால் பிளேடு மாற்றி வரும். இதற்கென்று ஒரு பைசா வாங்கமாட்டார். ஒரு பழக்கம் உண்டு அவருக்கு. சின்னதாக, விலை கூடியதாக எது கொடுத்தாலும் டப்பாவோடு வைக்கமாட்டார். பஸ் முழுக்கப் பலாப்பழமும் மூட்டையும் உருளும், டப்பா நசுங்கிவிடும் என்று பிரித்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ராதிகாவின் தாலிக்கொடியே அவர் சட்டைப்பையில்தான் மலையேறியது.

இரண்டு மணிக்கு பஸ் வந்தது. ராதிகா படிக்கட்டிலேயே போய் நின்றாள்.

"இந்தா கண்ணு, பத்தரமாக் கொண்டாந்திருக்கேன்" என்று சென்றாயன் சிரித்துக்கொண்டே பையிலிருந்து கர்ச்சீப் சுருட்டு ஒன்றை எடுத்தார். "எழுபது வளைவும் ஒத்தக் கையால அமுக்கிப் புடிச்சுக்கிட்டே வந்தேனாக்கும்."

பிரித்துத் திருப்பிப் பார்த்தாள். பிராசசரின் அடியில் ஆயிரத்துச் சொச்சம் ஊசிகள், ஒவ்வொன்றும் மயிரிழை கனம். ஒரு மூலையில் இரண்டு வரிசை ஊசிகள் ஒருபக்கமாகப் படுத்துக் கிடந்தன. ஒரு ஊசி வளைந்தாலும் போர்டில் இறங்காது.

"யாரு தொறக்கச் சொன்னது உங்கள?" என்று கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "அறிவு வேண்டாம்? இதை அமுக்கிப் புடிப்பாங்களா யாராச்சும்? என் பொழப்பையே கெடுத்துட்டீங்களே! இனிமேலாச்சும் அடுத்தவங்க சாமான்ல கைய வெக்காதீங்க!"

சென்றாயன் கர்ச்சீப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பஸ் அடுத்த ஊரான செம்மேட்டுக்குக் கிளம்பியது. அவளும் வீட்டுக்கு ஓடினாள்.

நேரம் இரண்டேகால். மணிவண்ணன் போன் வெளிச்சத்தைப் பிடிக்க, தையல் ஊசியும் சவரப் பிளேடும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு ஊசியை நிமிர்த்துவதற்குள் நெற்றி நனைந்தது. கொஞ்சம் அதிகம் தள்ளினால் ஒடிந்துவிடும். ஒடிந்தால் ஒட்டவைக்க இந்த மலையில் ஆள் கிடையாது. தூளியில் குழந்தை அழ ஆரம்பித்தது.

"பசிக்குதாட்டம் இருக்குது புள்ள."

"தெரியுதுங்க."

மார்பு கனத்து வலித்தது. எழுந்தால் நேரம் போய்விடும். குழந்தையை விட்டுப் போகாமல் இருப்பதற்காகத்தான் இப்போது குழந்தையை அழவிட்டுக்கொண்டிருக்கிறாள், கொடுமையைப் பாருங்கள். மணிவண்ணன் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் தூளிக் கயிறுமாக நின்றான். பதினேழாவது ஊசி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பிளேடு முனையை அடியில் கொடுத்து, மூச்சை அடக்கி, சுண்டுவிரல் பலம்கூடக் கொடுக்காமல் தூக்கினாள். வந்தது. ஒடியவில்லை.

மூன்றேமுக்காலுக்குப் பிராசசர் போர்டின் துளைகளில் தானாக இறங்கி உட்கார்ந்தது. மேலே சூடு கடத்தும் பசை தடவி, மின்விசிறியைப் பூட்டி, பட்டனை அமுக்கினாள். மூன்று நொடி கருப்பு. நாலாவது நொடியில் வெள்ளை எழுத்துகள் வந்தன. ஓரத்தில் பயாஸின் நம்பர் தெரிந்தது. அது முதல் பயாஸேதான். கடைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும் கதை. ராதிகா வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

நாலு மணிக்குக் கம்பெனி அதிகாரி ஜான்பீட்டர் வீடியோவில் வந்தார். சோதனைப் படம் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தார். "குட். திங்கட்கிழமையிலிருந்து அங்கிருந்தே லாகின் பண்ணிடுங்கம்மா" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் இருந்தது. பஸ்ஸில் தான் கத்தியது நினைவுக்கு வந்ததும் முகம் சுண்டிப்போனது. தப்பாகத் தேர்ந்தெடுத்தது அவள். திட்டு வாங்கியது அந்த மனுஷன். அதே பஸ் நாமக்கல்லுக்குத் திரும்புகிற ஐந்து மணிக்கு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

பஸ் நின்றிருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் கிருஷ்ணகுமாரி ஒரு மூக்குக்கண்ணாடியை நீட்டிக்கொண்டிருந்தார். "எங்கம்மாவோடது, சென்றாயன். காதுல மாட்டுற கம்பி ஒடிஞ்சிடுச்சு. நாமக்கல்ல குடுத்து மாத்திட்டு வாங்க."

"இல்லீங்க சிஸ்டர். ஓனரு கூடாதுன்னுட்டாருங்க" என்றார் சென்றாயன். ஓனர் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார் என்று ராதிகாவுக்குத் தெரியும்.

"மாமா" என்று முன்னால் போனாள். "நான் பேசினது தப்புங்க. என்மேல இருந்த ஆத்திரத்த உங்கமேல காட்டிட்டேன். எல்லாம் சரியாயிடுச்சு, ஓடுதுங்க."

சென்றாயன் முகம் மலர்ந்தது. "ஓடுதா சாமி? அப்ப பாப்பாவ உட்டுட்டுப் போக வேண்டியதில்லையே?"

"இல்லீங்க மாமா."

"அது போதும் கண்ணு, அது போதும்." குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார். பொய்ச் சந்தோஷமில்லை, மனசார வந்தது.

கிருஷ்ணகுமாரி இதுதான் சமயம் என்று கண்ணாடியை மறுபடி நீட்டினார். சென்றாயன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கண்ணாடி பாருங்க சிஸ்டர். நான் தொட்டு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா... எனக்கு வெவரம் பத்தாதுங்க."

ராதிகாவின் முகத்தைப் பார்க்காமல் விசில் ஊதினார். பஸ் கிளம்பியது.