எல்லில் தொடங்கும் ஊர்

ரயில் வந்து நின்றதும் கண்டக்டர் கத்துவார்: "லவீனியா! லவீனியா!" காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். பிளாட்பாரத்தில் வறுத்த கோழியும் காபியும் விற்கும் ஹெஸ்டருக்கு அப்போதெல்லாம் வயிறு பற்றி எரியும்.

ஊருக்கு அந்தப் பெயரை வைத்ததே அவள் புருஷன் ஏமஸ்தான். நெப்ராஸ்காப் புல்வெளியில் தண்டவாளம் போட்டுக்கொண்டே வந்த கம்பெனிக்கு, ஊர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஆங்கில அகரவரிசையில் நிற்க வேண்டும். கே எழுத்தில் கீனன் வந்தாயிற்று. என்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் அடுத்த ஊருக்கு எல்லில் ஒரு பெயர் வேண்டும் என்றபோது, மேஸ்திரியாக இருந்த ஏமஸ் சட்டென்று லவீனியா என்றானாம். பிறகு அங்கேயே ஸ்டேஷன் மாஸ்டர் ஆகி ஹெஸ்டரையும் கட்டிக்கொண்டான்.

"எல்லுல லில்லி இல்லியா, லூசி இல்லியா? யாரு மனுஷா அந்த லவீனியா?"

"யாரும் இல்லடி. வாயில வந்துச்சு, சொன்னேன்."

"என் பேரு ஏன் வரல?"

"எச் எப்பவோ முடிஞ்சு போச்சு. அப்ப உன்னை எனக்குத் தெரியவே தெரியாதே!"

"அவளைத் தெரியும்ல?"

ஏமஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு சிக்னல் விளக்கைத் துடைக்கப் போய்விடுவான். வருஷக்கணக்காக அந்த விளக்கு பளபளப்பாகவே இருந்தது.

பக்கத்து மாநிலமான அயோவாவிலும் ஒரு லவீனியா இருந்தது. இங்கே வரவேண்டிய தபால் பாதி அங்கே போய்ச் சேர்ந்தது. ஹெஸ்டர் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டு, ஊர்ப் பெயரை மாற்றச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினாள். கடைசியில் தானிய மண்டி முதலாளியிடம் போனாள்.

"உங்க பேரும் எல்லுதானே, லாம்பர்ட் ஐயா?"

லாம்பர்ட்டுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சர்ச்சில் ஊர் கூடிப் பெயரை மாற்றலாமா என்று கேட்டபோது முதல் கை அவருடையது. ஏமஸும் தூக்கினான், கடைசியாக. முதல் எழுத்து மாறாததால் கம்பெனியும் தலையாட்டியது.

பழைய பலகையை ஏமஸே கழற்றினான். அன்று கண்டக்டர் "லாம்பர்ட்! லாம்பர்ட்!" என்று கத்த, ஹெஸ்டர் அவருக்குக் காசு வாங்காமல் காபி ஊற்றினாள். புருஷனிடம் எரிந்து விழுவதையும் விட்டாள். ஊரும் சீக்கிரமே பழைய பெயரை மறந்தது.

முதல் பனி விழுந்த அன்று இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏமஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லவீனியா" என்றான், மெதுவாக.

"என்னது?"

"பழக்கம்டி. ஊரைச் சொன்னேன்."

"ஊரு லாம்பர்ட்டு."

"ஆமாமா, லாம்பர்ட்டு."

அவன் குனிந்து சாப்பிட்டான். ஹெஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தாள். முன்பெல்லாம் அவன் அந்தப் பெயரைச் சொன்னால், ஊரைத்தான் சொல்கிறான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளவாவது முடிந்தது. இப்போது அந்தப் பெயரில் ஊர் இல்லை. அவளே வீடு வீடாகப் போய் இல்லாமல் ஆக்கியிருந்தாள்.