ஐஸ்பெட்டியோடு வந்த மகன்

சுருளிராஜனைப் போல ஒரு மகன் எதிரிக்கும் வாய்க்கக் கூடாது. மார்க்கையன்கோட்டையில் வாழைத்தோப்பும் மாடி வீடும் வைத்திருக்கிற பெரிய மனுஷன். பெற்ற தாயை, சர்ச் நடத்துகிற எங்கள் முதியோர் இல்லத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "ஆத்தாளுக்கு இங்கன நல்லாக் காத்தோட்டமா இருக்கும் சிஸ்டர்" என்றான். அவன் மாடி வீட்டில் காற்றுக்கு என்ன பஞ்சமோ!

அவள் பெயர் இருளம்மாள். நான் ஜக்கம்மா, அவளைக் குளிப்பாட்டி ஊட்டிவிடுகிற ஆயா. அவளுக்கு எங்கள் சோறும் பிடிக்கும், ஜெபத்துக்கும் வந்து உட்காருவாள். ஒரே ஒரு ஆசைதான். உயிர் தன் வீட்டில் போக வேண்டும். "இங்கன மட்டும் என்னையச் சாக விட்றாதடி" என்று தினமும் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

2007 மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு இழுத்தது. சிஸ்டர் போன் போட்டதும் சுருளிராஜன் ஆம்புலன்ஸோடு பறந்து வந்தான். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் ஊர் வழக்கப்படி, வெளியே செத்த உடம்பை நடுவீட்டில் கிடத்த மாட்டார்கள். தாயை வாசலிலேயே வைத்துத் தூக்கினால் ஊர் காறித் துப்பும். அதற்குப் பயந்து வந்தான்.

வீட்டில் கிடத்தி, சொந்தமெல்லாம் கூடி வாயில் கடைசிப் பால் ஊற்றியது. கிழவி அந்தப் பாலை மடக்மடக்கென்று குடித்தாள்! மறுநாள் கஞ்சி கேட்டாள். அப்புறம் கோழிச்சாறு. எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரமே திரும்பக் கொண்டுவந்து இறக்கினான், ரிப்பேர் சரியாகாத மோட்டாரை இறக்குவது மாதிரி. த்தூ, இவனெல்லாம் ஒரு பிள்ளை.

தை மாதம் மறுபடியும் இழுத்தது. இந்த முறை கஞ்சி இறங்கவில்லை, பாதம் இரண்டும் சில்லிட்டிருந்தன. "வண்டி வருதாடி?" என்று வாசலையே பார்த்தாள்.

சிஸ்டர் போன் போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே அவன் குரல் கேட்டது.

"போன தடவையும் இப்பிடித்தான சொன்னீக? சொந்தக்காரக முன்னாடி எனக்கு எம்புட்டு அசிங்கம்! முடிஞ்சதும் சொல்லுங்க. வீட்டுக்குக் கொண்டாந்த பெறகுதான் உசுரு போச்சுன்னு ஊர்ல நான் சொல்லிக்கிர்றேன்."

சிஸ்டர் போனை வைத்தார். "ஆண்டவர்கிட்ட விடுவோம் ஜக்கம்மா" என்று சொல்லிவிட்டு ஜெபத்துக்குப் போனார். ஆண்டவரா வந்து ஆம்புலன்ஸ் ஓட்டுவார்? நானே போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன்.

"முடிஞ்சிருச்சு. வந்து எடுத்துட்டுப் போங்க."

மத்தியானத்துக்குள் இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்றில் பிணம் வைக்கிற வாடகை ஐஸ்பெட்டியும் சுருளிராஜனும். இன்னொன்றில், சேதி எப்படியோ தெரிந்து அவன் பின்னாலேயே ரோஜா மாலைகளோடு கிளம்பிவிட்ட சொந்தக்காரர்கள். பெண்கள் கேட்டிலேயே தலையை விரித்துப் போட்டு, "என்னப் பெத்த தாயே" என்று மாரில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள். சத்தத்தில் இருளம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"யாருடி செத்தது?"

அழுகை அப்படியே நின்றது.

"செத்துட்டாகன்னு சொன்னீகளே!" என்று சுருளிராஜன் என்மேல் பாய்ந்தான்.

"செத்துட்டாகன்னு சொன்னாத்தான நீங்க வர்றீக!" அத்தனை பேர் காதிலும் விழட்டும் என்றுதான் கத்தினேன். சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

இருளம்மாளின் அண்ணன் மகன் ராக்கப்பன் கையிலிருந்த மாலையை வீசி எறிந்தார். "ஏலே, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? பெட்டிய இறக்கிட்டு அத்தையத் தூக்குடா."

சொந்தமே சுற்றி நிற்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தானே தூக்கினான். கண்ணீர்கூட விட்டான். பார்க்கத்தான் அத்தனை பேர் இருந்தார்களே.

"வீட்டுக்குத்தானடா?" என்று கேட்டாள் கிழவி.

"ஆமாத்தா" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

இறக்கிய ஐஸ்பெட்டி எங்கள் வாசலிலேயே கிடந்தது. போகிறபோதும் வருகிறபோதும் அதைச் சுற்றித்தான் நடந்தோம். மூன்றாம் நாள் காலையில் பெட்டிக்காரன் வண்டியோடு வந்தான்.

"எங்கப்பா கொண்டுபோற?"

"மார்க்கையன்கோட்டைக்கு" என்றான்.

நானும் ஒரு கை பிடித்து ஏற்றிவிட்டேன்.