அம்பில்லாத வில்

“வத்சலா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“வந்து… தயிருக்கு உறை இருக்கா?”

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜெர்மனியில் கோட்டிங்கன் மாணவர் விடுதியின் சமையலறையில் நடந்த பேச்சு அது. அன்றிலிருந்து சேதுராமன் அதே பீடிகையோடு குடை கேட்டான், அகராதி கேட்டான், ஒரு தடவை தபால்தலைகூடக் கேட்டான். ஒவ்வொரு முறையும் காது மடல் மட்டும் செக்கச்செவேலென்று ஆகிவிடும். தபால்தலைக்கா காது சிவக்கும்? வத்சலாவுக்குப் புரியாமல் இல்லை. கேட்கட்டும் என்று காத்திருந்தாள்.

இனிக் காத்திருக்க நாளில்லை. அவளுடைய ஆராய்ச்சி முடிந்துவிட்டது. சனிக்கிழமை மெட்ராஸுக்கு விமானம். போய் இறங்கிய மறுவாரமே பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அவனிடம் மூன்று தரம் படித்துக் காட்டியாயிற்று.

வியாழக்கிழமை வந்து நின்றான். “ஒண்ணு கேக்கணும்.”

அவள் மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்தாள்.

“வில் வாங்கணும். கூட வர்றீங்களா?”

அந்த வருஷம், 1972இல், மியூனிக் ஒலிம்பிக்ஸில் வில்வித்தையைப் பார்த்ததிலிருந்து அவனுடைய லேப் முழுக்க இதே பைத்தியம்.

“வேட்டைக்கா? கரப்பான் பூச்சியைக் கண்டா நாற்காலி மேல ஏறுற ஆளு நீங்க!”

“இந்த ஊர்ல வில்லால வேட்டையாடக் கூடாதாம். அடுத்த வருஷம் லேப்ல எல்லாரும் வேட்டைக்குன்னே வெளிநாடு போறாங்க. அதுவரைக்கும் வைக்கோல்ல செஞ்ச பன்றியைக் குறிவச்சுப் பழகறதுதான்.”

கடைக்கார அம்மாள் ஃபிராவ் லிண்ட்னர் அவன் கையை நாடாவால் அளந்து அம்பின் நீளத்தைக் குறித்துக்கொண்டாள். நாண் அடிக்காமல் இருக்க முன்கைக்கு ஒரு தோல் காப்பு, மூன்று விரலுக்கு ஒரு தோல் பட்டை. கடைசியில் இருபத்தைந்து ராத்தல் இழுவிசையுள்ள மெல்லிய வில் ஒன்றை நீட்டினாள்.

“முதல் வில் லேசாக இருக்க வேண்டும். கனத்த வில் கெட்ட பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுக்கும்.”

சேதுராமனின் கண் சுவரில் தொங்கிய ஐம்பது ராத்தல் வில்லின் மேல் இருந்தது.

“அதைத் தொடாதீர்கள். எந்த வில்லானாலும் அம்பில்லாமல் நாணை விட்டுவிடக் கூடாது, உடைந்து போகும்” என்று எச்சரித்துவிட்டு அம்பு எடுக்க உள்ளே போனாள்.

“அது உங்களால முடியாதுதான்” என்றாள் வத்சலா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

அவ்வளவுதான். சுவரிலிருந்து எடுத்தான், மூச்சைப் பிடித்து இழுத்தான், நாண் மோவாய்வரை வந்துவிட்டது. வந்த பிறகுதான் விஷயமே புரிந்தது: அம்பில்லாமல் விடவும் கூடாது, மெல்ல இறக்கவும் தெம்பில்லை.

“வத்சலா, இப்ப என்ன பண்றது?”

“விட்டுடாதீங்க. உடைஞ்சுடும்.”

“கை நடுங்குது! வந்து பிடிங்களேன்!”

அவள் பக்கத்தில் வந்து இரண்டு கையாலும் நாணைத் தொட்டாள். ஆனால் இழுத்துப் பிடித்துக்கொள்ளவில்லை.

“பிடிக்கிறேன். அதுக்கு முன்னாடி, ரெண்டு வருஷமா கேக்க வந்ததைக் கேளுங்க. உறை, குடை எல்லாம் குடுத்தாச்சு.”

“இப்பவா?”

“சனிக்கிழமை ஃப்ளைட்.”

காது சிவந்தது, இம்முறை கழுத்தும் சேர்ந்து சிவந்தது. “ஊருக்குப் போகாதீங்க… இல்லை, போங்க… போய் உங்க அப்பாகிட்ட… இல்லை, நானே லெட்டர் எழுதி…”

“சுருக்கமா கேளுங்க, சார். வில் தாங்காது.”

“என்னைக் கல்யாணம் பண்ணிக்குங்க, வத்சலா!”