வலப்பக்கத்துக் கடைசி விலா

கால்நடை மருத்துவக் கல்லூரியில் 'முழுமை' என்று ஒரு கருத்தரங்கு நடத்தலாம் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியாது. தோன்றியவருக்கு வேறு வேலை இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து துறைக்கு ஒருவராகப் பிடித்துவந்து, முழுமை என்றால் என்ன என்று ஆளுக்கு அரை மணி நேரம் பேசச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னேற்பாடாக ஒரு கூட்டம் வேறு.

அந்தக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் எலும்பு மேடம். உடற்கூறு விரிவுரையாளரான அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் அது. அவளுக்கும் பிடித்த பெயர்தான். எலும்பு பொய் சொல்லாது, மனிதர்கள்தான் வாயைத் திறந்தால் அளப்பார்கள் என்பது அவளுடைய உறுதியான எண்ணம்.

"எதைச் சேர்த்தாலும் அதிகம், எதை எடுத்தாலும் குறை. அதுதான் சார் முழுமை" என்றார் கட்டடக்கலைக்காரர். அவர் வரைந்து கொடுத்த நூலகத்தில் கழிப்பறை வைக்க மறந்துபோயிருந்தார். இன்றுவரை படிக்கிறவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடுகிறார்கள். அடுத்து எழுந்தார் கணக்குப் பேராசிரியர். ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போகும் எண்களுக்குப் போய்ச்சேர ஓர் இடம் உள்ளேயே இருக்க வேண்டும், இருந்தால்தான் முழுமை என்று ஆரம்பித்தார். அவருடைய பேச்சு போய்ச்சேரும் இடம் மட்டும் கடைசிவரை யாருக்கும் தட்டுப்படவில்லை. பாட்டு முடிந்த பிறகு வரும் அமைதியில்தான் முழுமை இருக்கிறது என்றார் இசைத்துறை அம்மாள். சொல்லிவிட்டு அமைதியாக இருந்தாரா என்றால், அதுதான் இல்லை.

இந்தக் கூத்தையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டது குதிரைக்காக. ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடி, பிறகு கல்லூரித் தொழுவத்தில் பல் தேயும்வரை வாழ்ந்து செத்த குதிரை. அதைப் புதைத்த இடத்தைத் தோண்டி, எலும்பெலும்பாகக் கழுவி வெளுத்து, கம்பி கோத்து நிறுத்தவே அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. அது கருத்தரங்குக் கூடத்தின் நடுவில், நாலு பேர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் குதிரைக்கு விலா எலும்பு பதினெட்டு ஜோடி என்கிறது பாடப்புத்தகம். இதற்கு வலப்பக்கத்தில் கடைசி விலா கிடைக்கவில்லை. பள்ளத்து மண்ணை மூன்று முறை சலித்துப் பார்த்துவிட்டாள். வளாகத்து நாய்களில் எதுவோ கவ்விக்கொண்டு போயிருக்கும் என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து எந்த நாயைப் பார்த்தாலும் முறைத்தாள்.

துறைத்தலைவர் கூட்டத்தின் முடிவில் அவள் பக்கம் திரும்பினார்.

"மேடம், முழுமைன்னு பேர் வெச்சுட்டு நடுவுல ஒரு எலும்பு குறைஞ்ச குதிரைய நிறுத்தினா நம்மள பார்த்துச் சிரிக்க மாட்டாங்களா? பிளாஸ்டர்ல ஒண்ணு செஞ்சு மாட்டிடுங்க. முடியலன்னா குதிரை கீழ கிடங்குக்குப் போகட்டும். அந்த இடத்துல கணக்குத்துறையோட கண்ணாடி மாடல வெச்சுக்கலாம்."

கண்ணாடி மாடலா! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய குதிரையை இருட்டில் தள்ளிவிட்டு, ஒன்றுக்கும் உதவாத ஒரு கண்ணாடிக் கோளமா?

"செஞ்சுடறேன் சார்" என்றாள்.

வீட்டுக்குப் போனால் அங்கே நாத்தனார். கணவருக்கு மூத்தவர், தெருமுனையில் குடியிருப்பவர், வாரத்தில் பாதி நாள் இவர்கள் வீட்டு சோபாவில்தான் இருப்பார். குழந்தை இல்லாத வீடு முழுமையான வீடே இல்லை என்பது அவருடைய கட்சி. கணவர் தங்கமானவர், அக்கா எதிரில் மட்டும் வாயில் பிளாஸ்திரி ஒட்டியதுபோல உட்கார்ந்திருப்பார்.

"இன்னொரு டாக்டர விசாரிச்சு வெச்சிருக்கேன்மா. கைராசிக்காரராம். அடுத்த வாரம் தேதி குடுத்திருக்காரு. ஒரு தடவ போயிட்டு வந்துடேன்."

"பார்க்கலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் புகுந்துகொண்டாள். மறுத்துப் பேச ஆரம்பித்தால் ராத்திரி வரை இழுக்கும். இவருக்கும் துறைத்தலைவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றியது. இருவரும் எண்ணத் தெரிந்தவர்கள். பார்க்கத் தெரியாதவர்கள்.

மறுநாள் இடப்பக்கத்து விலாவை அச்செடுத்து, வளைவைத் திருப்பி, பிளாஸ்டரில் வலப்பக்கத்துக்கு ஒன்று வார்த்தாள். நன்றாகவே வந்தது. அதைத் தாங்க முதுகின் முள்ளெலும்பில் ஒரு கம்பி செருக வேண்டும். குதிரையின் வலப்பக்கம் சுவரை ஒட்டி நின்றதால் குனிந்து, கையை நீட்டி, புத்தகத்தில் எந்த இடம் சொல்லியிருக்கிறதோ அந்த இடத்தில் டிரில்லை வைத்து அழுத்தினாள். துறைத்தலைவர் மேல் இருந்த கோபமெல்லாம் சேர்ந்து டிரில் சட்டென்று இறங்கியது. எலும்புத்தூள் பறந்தது. துணியால் துடைத்தாள். விலாவின் தலை வந்து உட்காரும் சின்னக் குழியை விரலால் தேடினாள்.

குழி இல்லை.

குதிரையைச் சுவரிலிருந்து நகர்த்தி விளக்கைப் போட்டுப் பார்த்தாள். இடப்பக்கத்தில் குழி அழகாக இருந்தது. வலப்பக்கத்தில் எலும்பு வழவழவென்று மூடியிருந்தது. உடைந்ததுமில்லை, தேய்ந்ததுமில்லை. அங்கே எந்தக் காலத்திலும் விலா எலும்பு இருந்ததே இல்லை. அந்தக் குதிரை பிறந்ததே அப்படித்தான். அப்படியேதான் பந்தயத்தில் ஓடியிருக்கிறது, அப்படியேதான் கிழமாகியிருக்கிறது. அதற்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது, நடு முதுகில், டிரில் போட்ட ஓட்டை.

இரண்டு வருடமாக மண்ணைச் சலித்தவள், நாய்களைத் திட்டியவள், அந்த முள்ளெலும்பை ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை. எண்ணிக்கை குறைகிறது என்றதும் தேட ஓடிவிட்டாள். மற்றவர்கள்மேல் அவள் உமிழ்ந்துகொண்டிருந்த ஏளனம் அத்தனையும் திரும்பி வந்து அவள் முகத்திலேயே விழுந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கை தன்னால் அடிவயிற்றுக்குப் போனது. அங்கே மூன்று சின்னத் தழும்புகள். குழந்தை இல்லாததற்கு என்ன குறை என்று பார்க்க டாக்டர்கள் துளை போட்டு, குழாயை விட்டுத் தேடிவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று வீட்டுக்கு வந்து அழாதவள், இன்று குதிரையின் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்துவிட்டு விலாவை மாட்டினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். கிடங்கை நினைத்தால் அவளுக்கு அவ்வளவு பயம்.

கருத்தரங்கு அன்று கூடம் நிறைந்திருந்தது. துறைத்தலைவர் திரையை விலக்கினார், எல்லோரும் கைதட்டினார்கள். "இப்பதான் முழுமையா இருக்கு" என்று கட்டடக்கலைக்காரர் தலையை ஆட்டினார். தம்பியோடு வந்திருந்த நாத்தனார் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவளிடம் வந்தார்.

"பரவாயில்லையே, குதிரைக்கே இல்லாதத செஞ்சு வெச்சுட்டியாமே. அதே மாதிரி உனக்கும் ஒண்ணு அமைஞ்சுட்டா என் மனசு குளிர்ந்துடும்."

அவள் நேரே குதிரையிடம் போனாள், குனிந்தாள், பிளாஸ்டர் விலாவைக் கம்பியோடு உருவி எடுத்தாள்.

"மேடம், என்ன பண்றீங்க?" துறைத்தலைவர் பதறிப்போனார்.

"இந்தக் குதிரைக்குப் பிறவியிலேயே இந்த எலும்பு கிடையாது சார். அது முழுசாத்தான் இருந்துச்சு."

"அப்ப அந்த ஓட்டை?"

"அது நான் போட்டது."

கூடத்தில் யாரும் பேசவில்லை. இசைத்துறை அம்மாள்கூடப் பேசவில்லை. துறைத்தலைவர் முகம் சிவக்க இரண்டு பணியாளர்களைக் கூப்பிட்டார். குதிரை சக்கரப் பலகையில் ஏறி, கிடங்குக்கு இறங்கும் சாய்தளத்தை நோக்கி நகர்ந்தது. அவளும் ஒரு கை கொடுத்துத் தள்ளிக்கொண்டு போனாள். நாத்தனார் பின்னாலேயே வந்தார்.

"அப்ப டாக்டர்கிட்ட நான் என்னம்மா சொல்றது?"

"குறை ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க அண்ணி" என்றாள், பலகையைவிட்டுக் கையை எடுக்காமல்.