செம்பியபத்துக்குப் போகும் தூரம்

செம்பியபத்து காரைக்காலை விட்டு விலகத் தொடங்கியது இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு ஆனி மாதம், மளிகைக்கடை சோமசேகரன் கடையைப் பூட்டிக்கொண்டு மகனோடு ஓசூருக்குப் போன வாரத்தில். அதுவரை ஒன்பது கிலோமீட்டரில் இருந்த ஊர் அந்த வாரம் பத்தரைக்குப் போனது. அடுத்த வருஷம் தையல்காரர் திருப்பூருக்குப் போனபோது பன்னிரண்டு, டீக்கடைக்காரர் காலமானபோது பதினைந்து. வரிச்சிக்குடி வரைக்கும் சாலை பழைய சாலையாகவே இருந்தது. அங்கிருந்து ஊருக்குப் பிரியும் சாலைதான் நீண்டது. இருபுறமும் அதே வயல்கள், வரப்புகளின் எண்ணிக்கையும் அதேதான், நடந்தால் மட்டும் தீரவில்லை. நில அளவைக்காரர்கள் இரண்டு பேர் வந்து மூன்று நாள் அளந்தார்கள். பரப்பு மாறவில்லை, நீளம் மட்டும் கூடியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ரோடு போட வந்தவர்களுக்குப் பாதியிலேயே தார் தீர்ந்தது. காரைக்காலிலிருந்து எந்தப் பக்கம் அவ்வளவு தூரம் போனாலும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். செம்பியபத்தோ புதுச்சேரி மாநிலத்திலேயே இருந்தது, ரேஷன் கார்டும் மாறவில்லை. பஸ் டிக்கெட் ஏழு ரூபாயிலிருந்து பதினொன்று, பிறகு பதினெட்டு. ஜனங்கள் பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்பப் பழகினார்கள், பிறகு ஒரு மணி நேரம் முன்னதாக, பிறகு போவதையே குறைத்துக்கொண்டார்கள்.

அந்த ஊரில் பம்புசெட் மெக்கானிக்காக இருந்தவர் கார்த்திகேசன். அவர் மனைவி கல்யாணசுந்தரி. பிள்ளைகள் இல்லை. இரண்டாயிரத்துப் பதினெட்டு தை மாதம் கார்த்திகேசன் காரைக்காலிலிருந்து ஒரு பெரிய வெட் கிரைண்டரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிவந்து வீட்டை ஒட்டிய கொட்டகையில் இறக்கினார். "இட்லி மாவு அரைச்சு விப்போம் சுந்தரி. நீ அரைச்சா நல்லா வரும்," என்றார்.

"யாரு வாங்குவா? இருக்கிறதே நாப்பது வீடு. அதுல பாதி பூட்டிக் கெடக்கு," என்றாள் அவள்.

"வாங்குவாங்க."

"உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

ஒன்றை இரண்டாம் தடவை கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அவள் கிரைண்டர் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினாள். ஐப்பசியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் தாமதிக்காமல் வந்தது, டிரைவர் நன்றாக ஓட்டினார், யார்மீதும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று ஊர் இருபத்தேழாவது கிலோமீட்டரில் இருந்தது. "இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு?" என்று அவர் கேட்டார். "வந்துடுச்சுங்க," என்றாள். நான்கு தடவை கேட்டார், நான்கு தடவையும் அதையே சொன்னாள். வரிச்சிக்குடி வந்தபோது அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார். இருபது நிமிஷம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர், எல்லோரிடமும் சொல்வதுபோல.

கல்யாணசுந்தரி அழவில்லை. வந்தவர்கள் அழுதார்கள், அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். கருமாதி முடிந்தபிறகும் அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய காப்பியை அப்படியே குடித்தாள்; நாக்கு சுட்டதா என்று பக்கத்து வீட்டு அஞ்சுகம் கேட்டபோது, தெரியவில்லை என்றாள். கார்த்திகை மாதக் கடைசியில் ஒருநாள், வீட்டில் சேர்ந்துபோயிருந்த அரிசியையும் உளுந்தையும் என்ன செய்வது என்று தெரியாமல் ஊறப்போட்டாள். ஊறியதை என்ன செய்வது என்று தெரியாமல் சாக்கை எடுத்துவிட்டு அரைத்தாள். இதில் துணிச்சலும் இல்லை, திட்டமும் இல்லை. அரைத்த மாவு ஒரு ஆளுக்கு அதிகம் என்பதால் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்தாள். அன்றைக்கு இரண்டு பேர் வாங்கினார்கள். மறுநாள் ஐந்து பேர் வந்து கேட்டார்கள், கேட்டதால் மறுபடியும் அரைத்தாள்.

முதலில் கவனித்தவர் பஸ் கண்டக்டர் திருஞானசம்பந்தம். மார்கழி முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், டிக்கெட் கிழித்து முடிப்பதற்குள் ஜன்னல் வழியே செம்பியபத்து மாரியம்மன் கோவில் தெரிந்தது. விசில் ஊதினார். "இறங்குங்க, இறங்குங்க, ஊர் வந்துடுச்சு," என்றார்.

"அதுக்குள்ளயா?" என்றாள் அஞ்சுகம், விற்காமல் மிஞ்சிய கீரைக்கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தவள்.

"எனக்கென்னம்மா தெரியும்? வந்துடுச்சு, இறங்குங்க."

ஊர் இரண்டரைக் கிலோமீட்டர் கிட்டே வந்திருந்தது. பொங்கலுக்குள் டிக்கெட் மூன்று ரூபாய் குறைந்தது. தினமும் பஸ் ஏறிக் காரைக்கால் போய்க் கீரை விற்ற அஞ்சுகம், மாவு வாங்க வருகிறவர்கள் கீரையும் கேட்பதைப் பார்த்து, ஸ்டூலுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள், ஊர் இருபத்திரண்டாவது கிலோமீட்டருக்கு வந்தது. அடுத்த வருஷம் தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த ஷகீல் வேலை போய்த் திரும்பி வந்தான். கையில் தொழில் இருந்தது, மறுபடி விசா எடுக்க மனமில்லை. ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் என்று போர்டு மாட்டினான். அவன் மனைவி ரிஃபானா ரவையும் பாலும் முட்டையும் சேர்த்துத் தம்ரூட் இனிப்பு செய்து கல்யாண வீடுகளுக்கு அனுப்பினாள். குரும்பகரத்திலிருந்தும் சுரக்குடியிலிருந்தும் ஆட்கள் பைக்கில் வந்து வாங்கினார்கள். பூட்டியிருந்த வீடுகளில் மூன்று திறந்தன. கொரோனா ஊரடங்கில் எல்லாக் கடைகளும் அடைத்திருந்தும் ஊர் ஒரு அடிகூட நகரவில்லை; உத்தரவுக்காக மூடுவதும் விட்டுவிட்டுப் போவதும் வேறு வேறு என்று அதற்குத் தெரிந்திருந்தது. இரண்டாயிரத்து இருபத்திரண்டு வைகாசியில் ஊர் தன் பழைய இடமான ஒன்பதாவது கிலோமீட்டருக்கு வந்து சேர்ந்தது.

அதற்காகக் கோவில் வாசலில் ஒரு கூட்டம் போட்டார்கள். கல்யாணசுந்தரிக்குச் சால்வை போர்த்தினார்கள். "இந்தம்மா கடையத் தொறந்த அன்னைலேர்ந்துதான் ஊரு கிட்ட வர ஆரம்பிச்சுது. தொறக்காம இருந்திருந்தா நாம இந்நேரம் எங்க இருந்திருப்போமோ," என்று மைக்கில் ஒருவர் சொன்னார். கைதட்டினார்கள். சால்வையோடு உட்கார்ந்திருந்த கல்யாணசுந்தரிக்கு அப்போதுதான் அது புரிந்தது. தை மாதத்தில் கார்த்திகேசன் சொன்னபோதே திறந்திருந்தால் ஐப்பசிக்குள் ஊர் எவ்வளவோ கிட்டே வந்திருக்கும். இருபது நிமிஷம் என்பது பெரிய தூரம் இல்லை. அவள் எழுந்து எல்லோரையும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் கடையைத் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் ஊர் பத்துக்குப் போனது. நான்காம் நாள் பள்ளிக்கூட வேன்காரர் இவ்வளவு தூரம் கட்டுப்படியாகாது என்று நின்றுவிட்டார். மாவுக்கு வருகிறவர்கள் வராததால் அஞ்சுகத்தின் கீரை வாடியது. கதவைத் தட்டியவர்களிடம் கல்யாணசுந்தரி உடம்பு சரியில்லை என்றாள், அது பொய்யும் இல்லை. எட்டாம் நாள் ஷகீல் வந்து படியில் உட்கார்ந்தான்.

"அக்கா, இன்னிக்குப் பதினாலு," என்றான்.

"தெரியும் தம்பி."

"ரிஃபானாவுக்கு எட்டு மாசம்."

கல்யாணசுந்தரி வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். பிறகு யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள். "அந்த மிஷினை அவருதான் வாங்கிட்டு வந்தாரு. நான்தான் சாக்கு போட்டு மூடுனேன். அவரு சொன்னப்பவே தொறந்திருந்தா, அவரு இருந்திருப்பாரு."

ஷகீல் யோசித்தான். ஆறுதலாக நாலு வார்த்தை பேசத் தெரிந்தவன் இல்லை அவன். "இருந்திருக்கலாங்க்கா. இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றான். வேறு யாரும் அதுவரை அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. எல்லோரும் விதி என்றே சொல்லியிருந்தார்கள். பிறகு அவன், "அழணும்னா கடையத் தொறந்து வச்சுக்கிட்டு அழுங்கக்கா. நாங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்," என்றான்.

"அழுகை வரலையே."

"வராட்டியும் தொறங்க."

அன்று மத்தியானம் அவள் அரிசி ஊறப்போட்டாள். ஊர் திரும்பி வந்தது, போனதைவிட வேகமாக. ரிஃபானாவுக்கு வலி எடுத்தபோது ஆட்டோவில் ஏறிக் கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாள், பெண் குழந்தை பிறந்தது, சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாவது கிலோமீட்டரோடு ஊர் நிற்கும் என்று நினைத்தார்கள், அது நிற்கவில்லை. ஒருவர் செக்கு எண்ணெய் ஆட்டினார், ஒருவர் நாட்டுக்கோழி வளர்த்தார், இரண்டு பெண்கள் சேர்ந்து கல்யாணத்துக்கு மாலை கட்டினார்கள். ஏழு, ஐந்து, மூன்று. பிரியும் சாலை தீர்ந்ததும் ஊர் வரிச்சிக்குடியைத் தாண்டியும் காரைக்கால் பக்கம் வந்தது. வயல்களில் ஒரு குழி நிலம்கூடக் குறையவில்லை, குறுவையும் தாளடியும் வழக்கம்போல விளைந்தன. இரண்டாயிரத்து இருபத்து நான்கில் தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆனதும், இதற்கு எதற்குப் பஸ் என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். திருஞானசம்பந்தத்தை நாகூர் பஸ்ஸுக்கு மாற்றினார்கள். லீவு நாளில் அவர் நடந்தே வந்து மாவு வாங்கிப் போனார்.

அடுத்த வருஷம் மாசியில், கீரைக்கடைக்கு எதிரே பஞ்சர் ஒட்டும் அல்லா பிச்சைக்கு நெஞ்சு வலித்தது. ஷகீல் முன்னாலும் அஞ்சுகத்தின் மருமகன் பின்னாலுமாக அவரைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து நிமிஷம். பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கல்யாணசுந்தரி இட்லி அவித்து எடுத்துக்கொண்டு நடந்தே போனாள். அவர் நான்கு இட்லி சாப்பிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மிம்மா," என்றார். சரிங்க பாய் என்று தூக்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், அவசர சிகிச்சை வாசலுக்கு எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கார்த்திகேசனோடு அவள் அங்கே வந்து ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாசலுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சர்கள் உள்ளே போயின, வந்தன.

"யாரைப் பாக்கணும்மா?" என்று ஒரு நர்ஸ் கேட்டாள்.

"யாரையும் இல்லைங்க. சும்மா உக்காந்திருக்கேன்."

நர்ஸ் போய்விட்டாள். மாசி வெயிலில் பெஞ்சின் இரும்பு நன்றாகக் காய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தொடை சுடுவது அவளுக்குத் தெரிந்தது. நகர்ந்து நிழலில் உட்கார்ந்தாள். பிறகு நான்கு மணிக்கு அரைக்க வேண்டியது நினைவு வந்து எழுந்து நடந்தாள். அன்றைக்குத்தான் ரிஃபானாவின் தங்கை பஹீமா செம்பியபத்தில் பிளவுஸ் தைக்கும் கடையைத் திறந்திருந்தாள். அதனால் வந்த வழியைவிடத் திரும்பும் வழி குறைவாக இருந்தது. கல்யாணசுந்தரி அதைக் கவனித்தாள், செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டினாள், கொட்டகைக்குள் போய் ஊறிய அரிசியைக் களைந்தாள்.